பயணியாக அமரவும்

அந்த நிறுத்தத்தில் இறங்கியவர்களை ஒரு கை விரல்களில் எண்ணி முடித்துவிடலாம். 'அடுத்த நிறுத்தம், அறிவியல் விளையாட்டுக் கூடம்' என்று பஸ்ஸின் ஒலிபெருக்கி நாள் முழுக்கக் கத்தும். கதவு திறக்கும், கொஞ்சம் காற்று ஏறும், கதவு மூடும். ஓட்டுநருக்கு அந்தக் கட்டடத்தின் முகம் மட்டும் நன்றாகத் தெரியும். வெளுத்த மஞ்சள் சுவர், கூரைமேல் தகரத்தில் ஒரு கிரகம், அதைச் சுற்றியிருந்த வளையத்தில் பாதியைக் காணோம். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் யோசித்ததே இல்லை. பஸ்ஸை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கப் போக முடியுமா என்ன?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் அங்கே இறங்க வேண்டியதாயிற்று. பஸ்ஸிலிருந்து இல்லை, சொந்தக் காரிலிருந்து. எல்லாம் வாலுவின் வேலை. வாலு என்பது இளைய மகள். மூன்றாம் வகுப்புதான் படிக்கிறாள் என்றாலும் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். அந்தக் கூடத்தில் எல்லாவற்றையும் தொடலாம் என்று டீச்சர் சொன்னாலும் சொன்னார், அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, ஒரே நச்சரிப்பு. வீட்டில் எதைத் தொட்டாலும் அடி விழுகிற பிள்ளைக்கு அப்படி ஓர் இடம் இருக்கிறது என்று சொன்னால் சும்மா இருக்குமா?

"போயிட்டுத்தான் வருவோமே. நாளையிலேர்ந்து உங்களப் பிடிக்க முடியாது" என்றாள் மனைவி.

நாளையிலிருந்து அவர் நீள பஸ் ஓட்டப் போகிறார். இரண்டு பஸ்களை ஒட்டி, நடுவில் மடிப்பு மடிப்பாக ரப்பர் வைத்தது. ஊருக்குப் புதிதாக வந்த ஒரே வண்டி. டிப்போவில் அத்தனை பேர் இருக்க, மேற்பார்வையாளர் இவரைத்தான் கைகாட்டினார். காரணம் இவருடைய வலது கால். டிப்போவில் இவருக்குப் பெயரே 'பஞ்சுக்கால்'. இவர் பிரேக் போட்டால் வண்டி நின்றதே தெரியாது. நிற்கிற பயணிகள் கம்பியைப் பிடிக்க மாட்டார்கள். தினமும் காலையில் ஏறுகிற ஒரு பெண் இவர் பஸ்ஸில் மட்டும்தான் கண்ணுக்கு மை தீட்டுவாள். இதையெல்லாம் மனைவி சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது. அவள் வேலை பார்க்கும் தையல் ஆலையில் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒரே ஒரு விஷயம் மட்டும் அவளுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

போன மாதம் மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், மார்க்கெட் திருப்பத்தில் ஒரு பெரியவர் குடையை முன்னால் சாய்த்துப் பிடித்தபடி சாலையில் இறங்கிவிட்டார். ஓட்டுநர் அவரைப் பார்த்தார். மிதிக்க வேண்டும் என்றும் தெரிந்தது. கால்தான் வரவில்லை. கூப்பிட்ட பிள்ளை 'இதோ வரேன்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்குமே, அந்த மாதிரி. பிறகு வந்தது, வண்டியும் நின்றது, குடைத் துணியை உரசிக்கொண்டு. பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். பஸ்ஸுக்குள்ளும் ஒரு சலசலப்பும் இல்லை. சாலை ஈரம், அதனால்தான் என்று ஓட்டுநர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஈரச் சாலையில் சக்கரம் வழுக்கும், கால் எதற்கு வழுக்கும் என்று கேட்க அங்கே ஆளில்லை.

அதற்கப்புறம் அதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.

கூடத்தின் வாசலில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு பெண்மணி கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வழி கேட்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. டிக்கெட் என்று தெரிந்ததும் அவசரமாக எழுந்து, ஆணியில் தொங்கிய வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டாள். சீட்டுக் கிழிப்பவள், விஞ்ஞானி, காவல் எல்லாம் அவள் ஒருத்திதான். உள்ளே போய் ஒவ்வொரு விளக்காகப் போட்டாள். குழல் விளக்குகள் இரண்டு தரம் கண் சிமிட்டிவிட்டுத்தான் எரிந்தன.

"எல்லாத்தையும் தொடலாம். 'ஓய்வில் உள்ளது'ன்னு போர்டு மாட்டியிருக்கறத மட்டும் தொடாதீங்க" என்றாள்.

'பழுது' என்று எழுத அந்தக் கூடத்துக்கு மனசு வரவில்லை. கெட்டுப்போனதெல்லாம் அங்கே ஓய்வில் இருந்தது. தலைமுடியைச் சிலிர்க்க வைக்கும் இரும்புப் பந்து ஓய்வில். புயல் உண்டாக்கும் குழாய் ஓய்வில். சுவர் உயரத்துக்குச் செய்து வைத்திருந்த காது ஒன்று, உள்ளே நுழைந்து போனால் பேசுமாம், அதுவும் ஓய்வில்.

"இங்க எல்லாமே ரிடையர் ஆயிடுச்சு போல" என்றாள் மனைவி. "பென்ஷன் வருதான்னு கேளுங்க."

சும்மா சொல்லக்கூடாது, ஓடுகிறவை ஒழுங்காகத்தான் ஓடின, தங்களுக்குத் தெரிந்த வகையில். ஒரு சைக்கிள் இருந்தது. ஏறி மிதித்தால் பக்கத்துக் கண்ணாடியில் ஓர் எலும்புக்கூடும் கூடவே மிதிக்கும். அதற்கு ஒரு கால்தான் அசைந்தது. வாலு சிரித்துச் சிரித்துச் சைக்கிளிலிருந்து சரிந்தாள். அடுத்து, 'எதிர்காலக் கணிப்பொறி'. கருப்புத் திரை, பச்சை எழுத்து. பிறந்த ஆண்டைக் கொடுத்தால் வயதைச் சொல்லுமாம். மனைவி ஆசையாகத் தட்டினாள். அது நெடுநேரம் முனகிவிட்டு, 'தாங்கள் இன்னும் பிறக்கவில்லை' என்று அறிவித்தது.

"அடப் பாவி! அப்ப இத்தன வருஷமா உங்களுக்குச் சமைச்சுப் போட்டது யாருங்க?"

"அதான் உப்பு சரியா விழலையா" என்றார் ஓட்டுநர். முதுகில் ஓர் அடி விழுந்தது. பெரியவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெரியவள் கல்லூரியில் படிக்கிறாள். போன மழைக்காலத்தில் கார் லைசன்ஸ் வாங்கினாள். வாங்கியதோடு சரி, சாவியைத் தொட அப்பா விடவில்லை. "இந்த ரோட்டுல வேண்டாம்மா" என்பார். எந்த ரோட்டில் வேண்டும் என்று இதுவரை சொன்னதில்லை.

அப்படியே போய்க் கடைசி மூலைக்கு வந்தார்கள். அங்கே ஒரு கார் பாதியாக நின்றது. நிஜக் காரின் முன்பாதியை அறுத்து எடுத்துவந்து, இருக்கையும் ஸ்டியரிங்கும் பிரேக்கும் வைத்திருந்தார்கள். எதிரே சுவரில் ஒரு சிக்னல் விளக்கு. பச்சை எரிந்துகொண்டே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் சிவப்பு விழும், விழுந்ததும் மிதிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் மிதிக்கிறோமோ அந்த அளவுக்குப் பக்கத்துப் பலகையில் ஒரு விளக்கு எரியும். மேலேயிருந்து கீழே அவற்றுக்குப் பெயர் எழுதியிருந்தது: மின்னல். பந்தய வீரர். நல்ல ஓட்டுநர். கவனம் தேவை. கடைசியில், பயணியாக அமரவும்.

"பயணியாக அமரவுமாம்!" வாலு எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் குதித்தாள். "யாருக்காவது அது வரணும், யாருக்காவது அது வரணும்!"

பெரியவள் முதலில் உட்கார்ந்தாள். 'நல்ல ஓட்டுநர்'. அப்பாவை ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

மனைவி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினாள். சிவப்பு விழுந்ததா, அவள் மிதித்தாளா, எது முந்தியது என்றே தெரியவில்லை. 'மின்னல்' எரிந்தது. சந்தேகப்பட்டு இன்னொரு தரம் மிதிக்கச் சொன்னார்கள். மறுபடியும் 'மின்னல்'.

"பின்ன? காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தையல் மெஷின் பெடல் மிதிக்கிறவ நான். சட்டுனு கால எடுக்கலேன்னா ஊசி விரல்ல ஏறிடும். உங்கப்பாவுக்கு மட்டும்தான் கால் இருக்குன்னு நெனச்சீங்களாடி?"

வாலுவுக்குக் கால் எட்டவில்லை. பிரேக் மேலேயே ஏறி நின்றாள். சிவப்பு விழுவதற்கு முன்பே எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்தன.

"இப்ப பாருங்க" என்றாள் மனைவி. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இப்பதான் ஆட்டமே."

ஓட்டுநர் உட்கார்ந்தார். பழக்க தோஷத்தில் இல்லாத கண்ணாடியைச் சரிசெய்யக் கை போயிற்று. பச்சையைப் பார்த்தபடி இருந்தார். சிவப்பு விழுந்தது. மிதித்தார்.

பலகையின் அடியில் விளக்கு எரிந்தது. அவ்வளவு நேரம் அந்த விளக்குக்குத் தனியாக எரியும் வேலை வரவில்லை, மற்றவற்றைவிடப் பளிச்சென்று எரிந்தது.

"பயணியாக அமரவும்!" என்று வாலு அலறினாள். "அப்பா பயணி! அப்பா பயணி!"

எல்லாரும் சிரித்தார்கள். ஓட்டுநரும் சிரித்தார். "இரு, இரு, சரியா உக்காரல" என்று மறுபடி மிதித்தார். அதே விளக்கு. இந்தத் தடவை வாலு மட்டும்தான் சிரித்தாள்.

மனைவி புருஷனை விட்டுக்கொடுப்பவள் இல்லை. "இதுவும் ஓய்வுதான். அந்தம்மா போர்டு மாட்ட மறந்திருப்பாங்க. நான் பிறக்கவே இல்லைன்னு சொன்ன எடம்தான இது?"

"அது இல்லம்மா" என்றாள் பெரியவள். "அப்பா பஸ்ல மிதிக்கிற மாதிரி மெதுவா மிதிக்கிறாங்க. இதுக்கு அது தெரியுமா? காரு இது. டபக்குனு மிதிக்கணும்."

ஓட்டுநர் அதைப் பிடித்துக்கொண்டார். "அதான். உனக்காவது புரியுதே. டபக்குனு மிதிச்சா நிக்கிறவங்க கதி என்ன? கையில குழந்தை வெச்சிருப்பாங்க, வயசானவங்க இருப்பாங்க. முதல்ல கால மேல வைக்கணும், அப்புறம்தான் அழுத்தணும். அதெல்லாம் இந்த டப்பாவுக்குத் தெரியுமா?" இன்னும் கொஞ்ச நேரம் பேசினார். கேட்டதற்கு மேலேயே பேசினார். அவர் இவ்வளவு பேசுகிற ஆள் இல்லை என்று மனைவிக்குத் தெரியும். ஆனால் வாலு அதற்குள் சாய்ந்த அறைக்கு அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாய்ந்த அறையில் தரை ஒரு பக்கம், மேசை ஒரு பக்கம். பந்து மேட்டை நோக்கி உருண்டது. மூன்று பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு கூச்சல் போட்டார்கள். ஓட்டுநர் வாசலிலேயே நின்றார்.

"பாத்ரூம் போயிட்டு வரேன்" என்றார்.

பாத்ரூம் இடது பக்கம் இருந்தது. அவர் வலது பக்கம் நடந்தார்.

பாதிக் காரில் ஏறினார். சுற்றிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. இந்தப் பஸ்ஸில் பயணிகள் இல்லை, நிற்பவர்கள் இல்லை, குழந்தை இல்லை, கண்ணுக்கு மை தீட்டுகிற பெண் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பஞ்செல்லாம் வேண்டாம். உடைந்தாலும் பரவாயில்லை, ஓங்கி மிதி. சிவப்பு விழுந்ததும் ஓங்கித்தான் மிதித்தார். அறுத்த கார் தடதடவென்று ஆடியது. அடி விளக்கு எரிந்தது.

மறுபடி. அடி விளக்கு. காலைப் பிரேக்கின் மேலேயே தயாராக வைத்துக்கொண்டு ஒரு தரம் பார்த்தார். அது கள்ளாட்டம் என்று அவருக்கே தெரியும். கள்ளாட்டம் ஆடியும் 'கவனம் தேவை' வரைக்கும்தான் ஏற முடிந்தது.

"மெதுவாண்ணே. ஆணி கழண்டுடும்" என்று பின்னால் குரல் கேட்டது. கோட்டுப் பெண்மணி கம்பளி நூலும் கையுமாக நின்றிருந்தாள்.

"இல்லம்மா... இது ரிப்பேரோன்னு பாத்தேன்."

"இதுவா?" அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இந்தக் கட்டடத்துலயே ரிப்பேர் ஆகாதது இது ஒண்ணுதான். தினம் வந்ததும் நானே ஒரு மிதி மிதிச்சுப் பாத்துட்டுத்தான் கூண்டுல போய் உக்காருவேன்." கூச்சமாகச் சிரித்தாள். "எனக்கு 'நல்ல ஓட்டுநர்'னு வரும். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது எனக்கு. சின்ன சந்தோஷம்தான், வெச்சுக்க வேண்டியதுதான்."

ஓட்டுநர் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தார்.

"நீங்க என்ன வேலைண்ணே?" என்று கேட்டாள், பேச்சுக்கு.

"பஸ்ல" என்றார். அவள் டிக்கெட் கொடுக்கிற வேலை என்று எடுத்துக்கொண்டாளோ என்னவோ, தலையாட்டிவிட்டுப் போனாள்.

அவர் இருக்கையைவிட்டு எழுந்திருக்கவில்லை. எதிரே பச்சை எரிந்துகொண்டிருந்தது. அவருக்கு அந்தக் குடை ஞாபகம் வந்தது. அது கருப்புக் குடை. ஒரு கம்பி மட்டும் துணியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பி கண்ணாடிக்கு எதிரே வந்து நின்றதை அவர் பார்த்தார். அவ்வளவு தெளிவாகப் பார்த்தவரின் கால் என்ன செய்துகொண்டிருந்தது? பஞ்சு பஞ்சு என்று ஊரே மெச்சுகிறதே, அதில் எத்தனை பங்கு பக்குவம், எத்தனை பங்கு தாமதம்? எப்போதிலிருந்து? அவருக்குப் பயமாக இருந்தது. சிவப்பு விழுந்தது. அவர் மிதிக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார்.

கிளம்பும்போது கோட்டுப் பெண்மணி வாசல் வரை வந்து வழியனுப்பினாள். வாலு அவளுடைய கையையும் ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள். "இன்னொரு நாள் வாங்க. அந்தக் காது ஓய்வு முடிஞ்சு வந்துடும்" என்றாள் அவள். அவளுக்கே நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

கார் பக்கத்தில் வந்ததும் ஓட்டுநர் சாவியை எடுத்தார். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு பெரியவளிடம் நீட்டினார்.

"நீ ஓட்டு."

அவள் வாங்கவில்லை. கிண்டல் என்று நினைத்தாள். "எந்த ரோட்டுல?"

"இந்த ரோட்டுலதான். பிடி."

"அட, என்ன அதிசயம்! மழை வரப்போகுது" என்று மனைவி வானத்தைப் பார்த்தாள். அவள் முன்பக்கம் ஏறப் போக, ஓட்டுநர் கதவைப் பிடித்துக்கொண்டு, "நான் உக்காரறேன்" என்றார். அந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்து அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. இருக்கை மனைவியின் அளவுக்கு முன்னால் தள்ளியிருந்தது. முழங்கால் இடித்தது.

"அப்பா பயணி" என்றாள் வாலு பின்னாலிருந்து, இந்தத் தடவை மெதுவாக.

பெரியவள் கண்ணாடியைத் திருப்பினாள், பெல்ட் போட்டாள், மறுபடி கண்ணாடியைத் திருப்பினாள். வண்டி துள்ளித் துள்ளித் தெருவுக்கு வந்தது. அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். மூலை தாண்டி, மருந்துக் கடை தாண்டி, முதல் சிக்னல். பச்சை. நெருங்கும்போது சிவப்பு விழுந்தது.

டபக்கென்று மிதித்தாள். எல்லாரும் முன்னால் போய் வந்தார்கள். மனைவியின் கைப்பை கீழே விழுந்து சாமானெல்லாம் சிதறியது.

"ஏய், மெதுவாடி! உங்கப்பாகிட்டப் பாத்து ஒரு இது கத்துக்கக் கூடாதா? எப்படிப் பஞ்சு மாதிரி நிறுத்துவாரு!"

ஓட்டுநர் குனிந்து தன் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் பிரேக் இல்லை, வெறும் ரப்பர் விரிப்புதான். ஆனாலும் அந்தக் கால் விரிப்பை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. ஓட்டுகிற ஆள் எங்கே உட்கார்ந்தாலும் கால் சும்மா இருக்காது. மிதித்ததில் ஒரு குறையும் இல்லை. நல்ல அழுத்தமான மிதி. கார் நின்று, எல்லாரும் முன்னால் போய், திரும்பிச் சாய்ந்து உட்கார்ந்த பிறகுதான் மிதித்திருந்தது.

"அவளத் திட்டாத. அவ மிதிச்சதுதான் சரி" என்றார்.

"என்ன சரி? கழுத்து சுளுக்கிடுச்சு எனக்கு."

"நாளைக்கு நான் நீள பஸ் எடுக்கல. எந்த பஸ்ஸும் எடுக்கல. டிப்போவுக்குப் போய் மொதல்ல என்னப் பரிசோதிக்கச் சொல்லணும்."

பின் இருக்கையில் சாமானைப் பொறுக்கிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. "என்னங்க விளையாடறீங்களா? அந்த ஓட்டை மெஷினப் பாத்துட்டா?"

"மெஷின விடு. போன மாசம் மார்க்கெட் திருப்பத்துல ஒரு பெரியவரு. நூலிழையில தப்பினாரு. உன்கிட்டச் சொல்லல." அவர் தன் காலைக் காட்டினார். "இப்பவும் கார் நின்னதுக்கு அப்புறம்தான் என் கால் மிதிச்சுது. பாத்துக்கிட்டே இருந்தேன்."

சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னவளின் கை பின்னாலிருந்து வந்து அவர் தோளில் விழுந்தது. அங்கேயே இருந்தது.

விளக்கு பச்சைக்கு மாறியது. பெரியவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"போலாமாப்பா?"

"என்னக் கேக்காதம்மா" என்றார் ஓட்டுநர். "நீதான ஓட்டுற?"